பெரிய பார்மா கம்பெனி க்யூ.சி. இன்டர்வியூ: டெக்னிக்கல் பேனலுக்கு எப்படித் தயாராகறது?

ஆலத்தூர்_அனலிஸ்ட்:

எல்லாருக்கும் வணக்கம். பி.பார்ம் முடிச்சுட்டு ஆலத்தூர் பார்மா எஸ்டேட்ல ஒரு சின்ன டேப்லெட் கம்பெனியில க்யூ.சி.ல, அதாவது மருந்தோட தரத்தை டெஸ்ட் பண்ற லேப்ல, ரெண்டு வருஷமா இருக்கேன். இப்ப ஒரு பெரிய கம்பெனியில க்யூ.சி. அனலிஸ்ட் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அமெரிக்காவுக்கு மாத்திரை அனுப்பற பிளான்ட். அடுத்த வியாழக்கிழமை கிண்டியில ஒரு ஹோட்டல்ல எழுத்துத் தேர்வு, அன்னைக்கே டெக்னிக்கல் பேனல், அதுல தேறினா ஹெச்.ஆர்.

எங்க லேப்ல ரெண்டு ஹெச்.பி.எல்.சி. (கரைசல்ல இருக்கற பொருள்களைப் பிரிச்சு அளக்கற மெஷின்), ஒரு டிஸ்சல்யூஷன் (மாத்திரை எவ்வளவு கரையுதுன்னு பார்க்கறது), யு.வி., கார்ல் ஃபிஷர் (தண்ணி அளவு பார்க்கறது) இருக்கு. அஸ்ஸேயும் (மருந்து எவ்வளவு இருக்குன்னு அளக்கறது) டிஸ்சல்யூஷனும் தினமும் பண்றேன். ரிலேட்டட் சப்ஸ்டன்ஸ் (மருந்துல இருக்கற இம்ப்யூரிட்டியை அளக்கறது) எப்பவாவது. ஜி.சி.யை (கேஸ் க்ரோமட்டோகிராஃபி) காலேஜ்ல பார்த்ததோட சரி, ஆனா வேலை விளம்பரத்துல ஜி.சி.யும் கேட்டிருக்காங்க. ரெஸ்யூமேல போடலாமா? பேனல்ல எதை நோண்டிக் கேட்பாங்க? எனக்கு நோட்டீஸ் பீரியட் 60 நாள், அவங்க 30 நாள்ல வரச் சொல்றாங்க. அதை எப்படிப் பேசறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மறைமலைநகர்_லேப்:

சகோ, முதல் கேள்வி பெரும்பாலும் "நீங்க தினமும் பண்ற ஒரு டெஸ்ட்டைச் சொல்லுங்க"ன்னுதான் வரும். நீங்க எதைச் சொல்றீங்களோ அதையே பிடிச்சுக்கிட்டு மிச்ச நேரம் பூரா போவாங்க. அதனால புத்தகத்தை முதல் பக்கத்துலேருந்து புரட்டாதீங்க. உங்க கை பழகின ஒரு அஸ்ஸேயை எடுத்துக்குங்க. ஸ்டாண்டர்ட் (ஒப்பிட்டுப் பார்க்கற, அளவு தெரிஞ்ச மருந்து) எடை போடறதுலேருந்து ரிசல்ட்டை ரவுண்ட் பண்றது வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் ஏன் அப்படின்னு பதில் சொல்லத் தெரியணும்.

அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரைன்னு வெச்சுக்குங்க. லேபிள்ல 5 மி.கி.ன்னு இருக்கறது அம்லோடிபின். மாத்திரைக்குள்ள போறது அதோட உப்பு வடிவமான அம்லோடிபின் பெசிலேட். மூலக்கூறு எடை 408.9க்கு 567.1. அந்த விகிதம் 0.721. அப்போ ஒரு மாத்திரையில பெசிலேட் சுமார் 6.93 மி.கி. இருக்கணும். கணக்கு ஃபார்முலாவுல இந்த ஃபேக்டர் எங்க வருதுன்னு கேட்பாங்க. எக்செல் ஷீட்டோ சாஃப்ட்வேரோ போட்டுத் தர்ற விடையை மட்டுமே பார்த்துப் பழகினவங்க இந்த இடத்துல நின்னுடுவாங்க. ஸ்டாண்டர்ட் பொட்டன்சி (தூய்மை அளவு) "ஆஸ் இஸ்" (இருக்கறபடியே) அடிப்படையிலயா, "அன்ஹைட்ரஸ்" (தண்ணி நீக்கின) அடிப்படையிலயான்னு அடுத்த கேள்வி வரும். அன்ஹைட்ரஸ்னா அன்னைக்கு எடுத்த தண்ணி அளவைக் கழிக்கணும். கழிக்காம விட்டா ஸ்டாண்டர்ட் உண்மையில இருக்கறதை விட அதிகமா கணக்காகி, சாம்பிள் ரிசல்ட்டும் அந்த அளவுக்குத் தூக்கிக் காட்டும். ஃபார்முலாவை வெள்ளைப் பேப்பர்ல எழுதச் சொல்வாங்க, கையால நாலு தடவை எழுதிப் பாருங்க.

அடுத்தது மொபைல் ஃபேஸ், அதாவது ஹெச்.பி.எல்.சி.க்குள்ள ஓடற கரைசல். பாஸ்பேட் பஃபர் பி.ஹெச். 3.0ன்னா, அசிட்டோநைட்ரைல் கலக்கறதுக்கு முன்னாடியே பி.ஹெச். செட் பண்ணணும், ஏன்னா ஆர்கானிக் கலந்த பிறகு எலக்ட்ரோட் காட்டற எண்ணுக்கு அர்த்தம் மாறிடும். 0.45 மைக்ரான் ஃபில்டர், டீகேஸ் (கரைஞ்ச காத்தை எடுக்கறது). ரன் முடிஞ்சதும் காலத்தை (column, பொருள்களைப் பிரிக்கற குழாய்) எப்படிக் கழுவுவீங்கன்னு கண்டிப்பா கேட்பாங்க. "மெத்தனால்ல வாஷ் பண்ணுவேன்"னு மொட்டையா சொன்னா மாட்டிக்குவீங்க. பஃபர் உள்ள இருக்கும்போதே நேரா முழு ஆர்கானிக் விட்டா பாஸ்பேட் உப்பு படிஞ்சு பிரஷர் ஏறும், பம்ப் சீல் கீறிப்போகும். முதல்ல 90 பங்கு தண்ணி, 10 பங்கு மெத்தனால். உப்பு போன பிறகு ஆர்கானிக்கைக் கூட்டி, கடைசியில ஸ்டோரேஜ் சால்வென்ட். சி18 காலத்தை வெறும் தண்ணியில ராத்திரி பூரா விடக்கூடாதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

ட்ரபிள்ஷூட்டிங்ல நாலு விஷயம் போதும், ஆனா காரணத்தோட.

பிரஷர் ஏறினா, டிடெக்டர் பக்கத்துலேருந்து பம்ப்பை நோக்கி ஒவ்வொரு ஜாயின்ட்டா கழட்டிக்கிட்டே வாங்க. எந்த ஜாயின்ட்டைக் கழட்டினதும் பிரஷர் சட்டுனு விழுதோ, அடைப்பு அதுக்கு அடுத்து டிடெக்டர் பக்கமா இருக்கற பாகத்துல. பிரஷர் ஏறாம ஆடிக்கிட்டே இருந்தா பம்ப்ல காத்து, இல்லன்னா செக் வால்வு. ரிடென்ஷன் டைம் (பொருள் காலம்லேருந்து வெளிய வர எடுக்கற நேரம்) நகர்ந்தா எல்லா பீக்கும் (வரைபடத்துல எழற முகடும்) ஒரே விகிதத்துல நகர்ந்திருக்கான்னு பாருங்க. அப்படின்னா ஃப்ளோ பிரச்சினை, கசிவு தேடணும். சில பீக் மட்டும் நகர்ந்தா பி.ஹெச்., மொபைல் ஃபேஸ் விகிதம், இல்ல காலம் டெம்பரேச்சர். பீக் டெயில் ஆச்சுன்னா (வால் மாதிரி இழுத்தா), பேஸிக் மருந்துகளுக்கு காலம்ல மிஞ்சியிருக்கற சிலனால் (சிலிக்கா மேல இருக்கற ஓ.ஹெச். குரூப்) தான் முதல் சந்தேகம். பீக் பிளந்துச்சுன்னா, சாம்பிள் டைலூயன்ட் (கரைக்கற திரவம்) மொபைல் ஃபேஸை விட ஸ்ட்ராங்கா இருக்கான்னு பாருங்க. அதுவும் இல்லன்னா காலம் வாய்ல இருக்கற ஃப்ரிட் (சின்ன சல்லடை) பாதி அடைச்சிருக்கும்.

சிஸ்டம் சூட்டபிலிட்டிக்கு (மெஷின் சரியா ஓடுதான்னு பார்க்கறதுக்கு) ஸ்டாண்டர்ட் ஆறு இன்ஜெக்ஷன், ஆர்.எஸ்.டி. (ரிசல்ட்டுகளுக்குள்ள இருக்கற சிதறல்) 2.0 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, டெயிலிங் 2.0க்குள்ளன்னு சொல்லலாம். ஆனா "எங்க மெத்தட்ல கொடுத்திருக்கற லிமிட் இது"ன்னு சேர்த்துக்குங்க, எல்லா மெத்தட்டுக்கும் பொதுன்னு சொல்லிடாதீங்க.

ஜி.சி.யைப் பத்தி ஒரே வரி: ஓட்டாததை ஓட்டினேன்னு எழுதாதீங்க. "ஹெட்ஸ்பேஸ்ல வயல் (vial, சின்ன பாட்டில்) ஹீட்டிங் எவ்வளவு நேரம் வெச்சீங்க, ஸ்ப்ளிட் ரேஷியோ என்ன"ன்னு ரெண்டாவது கேள்வியிலேயே வெளுத்துடும்.

தாம்பரம்_க்யூஏ:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஏற்றுமதி பிளான்ட் என்றால் பேனலில் க்யூ.ஏ. (தர உறுதிப் பிரிவு) ஆள் ஒருவர் கட்டாயம் உட்கார்ந்திருப்பார். அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அஸ்ஸே லிமிட் 95.0 முதல் 105.0. உங்களுக்கு 93.8 வந்திருக்கிறது. என்ன செய்வீர்கள்?"

"இன்னொரு தடவை இன்ஜெக்ட் பண்ணிப் பார்ப்பேன்" என்று தொடங்கினால் அந்த ரவுண்ட் அங்கேயே முடிந்துவிடும். முதலில் செய்ய வேண்டியது எதையும் கொட்டாமல் இருப்பது. ஸ்டாண்டர்ட், சாம்பிள் கரைசல்கள், வயல், பயன்படுத்திய ஃப்ளாஸ்க், பிப்பெட் எல்லாம் அப்படியே மேஜையில் இருக்க வேண்டும். உடனே சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து செக்லிஸ்ட்படி பார்ப்பீர்கள்: எடை பிரின்ட் அவுட், டைல்யூஷன், கணக்கு, ஸ்டாண்டர்டின் காலாவதி, சிஸ்டம் சூட்டபிலிட்டி, க்ரோமட்டோகிராமில் (மெஷின் தரும் வரைபடத்தில்) இன்டக்ரேஷன் (பீக்கின் பரப்பைக் கணக்கிடுவது), சோனிகேட் செய்த நேரம், ஃபில்டர் செய்தபோது முதல் சில மி.லி.யை வடித்துவிட்டீர்களா என்பது வரை. அதே வயலை மறுபடி இன்ஜெக்ட் செய்வது, அதே ஃப்ளாஸ்க்கிலிருந்து புதிய வயல் எடுப்பது இரண்டும் இந்தக் கட்டத்தில் உண்டு. ஆனால் அவை காரணம் தேடும் சோதனைகள். என்ன சந்தேகத்துக்காகச் செய்கிறோம் என்று முன்பே எழுதி, ஒப்புதல் வாங்கிய பிறகே செய்ய வேண்டும். அதில் வரும் எண்ணை ரிசல்ட்டாகப் போட முடியாது.

லேப் தவறு என்று ஆதாரத்தோடு தெரிந்தால் முதல் ரிசல்ட் செல்லாததாகும், புதிதாக டெஸ்ட் நடக்கும். தெரியாவிட்டால் விசாரணை புரொடக்‌ஷனுக்குப் போகும்: கிரானுலேஷன், பிளெண்டிங், கம்ப்ரெஷன் ரெக்கார்டுகள். 93.8ஐயும் அடுத்து வந்த 97ஐயும் சராசரி போட்டு 95.4 என்று பாஸ் செய்வதுதான் இருப்பதிலேயே மோசமான பதில். பாஸ் ஆகும் வரை டெஸ்ட் செய்துகொண்டே போவதை 1993இல் பார் லேபரட்டரீஸ் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் கண்டித்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஓ.ஓ.எஸ். (லிமிட்டுக்கு வெளியே போன ரிசல்ட்) வழிகாட்டி 2006இல் வந்தது, 2022இல் திருத்தினார்கள். இந்த இரண்டு ஆண்டுகள் நினைவில் இருந்தால் நல்லது. ஆனால் ஆண்டு தெரியாததற்காக யாரும் உங்களை நிராகரிக்கப் போவதில்லை. கரைசலைக் கொட்டினேன் என்று சொன்னால் நிராகரிப்பார்கள்.

இதன் தொடர்ச்சியாக டேட்டா இன்டக்ரிட்டி (பதிவுகளின் நம்பகத்தன்மை) வரும். அல்கோவா பிளஸ் என்று, பதிவு எப்படி இருக்க வேண்டும் எனச் சொல்லும் ஒன்பது வார்த்தைகளை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் மேஜையிலிருந்து ஒரு செயலைச் சொல்லுங்கள். யார் செய்தது என்று தெரிய வேண்டும் என்றால், இன்னொருவர் லாகினில் ரன் போடாமல் இருப்பது. அந்த நேரத்திலேயே எழுதுவது என்றால், துண்டுச் சீட்டில் எடையைக் குறித்துவிட்டு சாயங்காலம் நோட்டில் ஏற்றாமல் இருப்பது. தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு, பழையது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி, காரணம். ஒயிட்னர் கூடாது, எண்ணின் மேலேயே திருத்தி எழுதவும் கூடாது.

ட்ரயல் இன்ஜெக்‌ஷன் பற்றித் தனியாகக் கேட்பார்கள். காலம் செட் ஆகிவிட்டதா என்று பார்க்க டெஸ்ட் செய்யப்போகும் சாம்பிளையே போட்டுப் பார்ப்பதை எஃப்.டி.ஏ. 2018 டிசம்பரில் வெளியிட்ட டேட்டா இன்டக்ரிட்டி வழிகாட்டி தெளிவாகவே பேசுகிறது. சிஸ்டத்தைச் சரிபார்க்க ஸ்டாண்டர்ட் போட வேண்டும், அதுவும் எஸ்.ஓ.பி.யில் (எழுதி வைத்த செயல்முறையில்) இருக்க வேண்டும், போட்ட எல்லா இன்ஜெக்‌ஷனும் ரெக்கார்டில் இருக்க வேண்டும்.

உங்கள் தற்போதைய லேபில் ஆடிட் ட்ரெயில் (யார், எப்போது, எதை மாற்றினார் என்று சிஸ்டம் வைக்கும் பதிவு) ரிவ்யூ நடப்பதில்லை என்றால் அதை மறைக்கவும் வேண்டாம், குற்றச்சாட்டாக வைக்கவும் வேண்டாம். "எங்கள் சிஸ்டத்தில் அனலிஸ்ட்டுக்கு டெலீட் உரிமை கிடையாது, ரிவ்யூ சூப்பர்வைசர் செய்வார்" என்பதுபோல் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். எந்தக் காரணம் கொண்டும் அங்கே ஃபெயிலான பேட்ச், பார்ட்டி பெயர், புராடக்ட் பெயர் எதையும் உளறாதீர்கள். இங்கே பேசுபவர் நாளை அங்கேயும் பேசுவார் என்றுதான் நினைப்பார்கள்.

வண்டலூர்_வேலிடேஷன்:

மறைமலைநகர் சகோ சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம். யு.எஸ்.பி. (அமெரிக்க மருந்துத் தர நூல்) பொது அத்தியாயம் 621 படி, மோனோகிராஃப்ல (அந்த மருந்துக்கான தனிப் பகுதியில) வேற எதுவும் சொல்லாத பட்சத்துல, ஆர்.எஸ்.டி. லிமிட் 2.0 சதவீதமோ அதுக்குக் கீழயோ இருந்தா அஞ்சு இன்ஜெக்ஷன். லிமிட் 2.0க்கு மேல இருந்தாத்தான் ஆறு. கம்பெனிங்க எல்லாத்துக்கும் ஆறு போடறது வழக்கம், தப்பில்ல. ஆனா "ஏன் ஆறு?"ன்னு கேட்டா பதில் இருக்கணும்.

எழுத்துத் தேர்வுக்கு இதைப் பார்த்துக்குங்க. 0.1 நார்மல் ஹெச்.சி.எல். 1000 மி.லி. பண்ண கான்சென்ட்ரேட்டட் ஆசிட் எவ்வளவு? 37 சதவீதம், டென்சிட்டி 1.18ன்னா சுமார் 12 நார்மல், அப்போ 8.4 மி.லி. கிட்ட வரும். 0.1 சதவீதம்னா 1000 பி.பி.எம். ரவுண்டிங்ல ஒரு கேள்வி நிச்சயம்: லிமிட் 98.0க்குக் குறையக்கூடாது, ரிசல்ட் 97.95ன்னா 98.0 ஆகி பாஸ், 97.94ன்னா 97.9 ஆகி ஃபெயில். கணக்கு நடுவுல ரவுண்ட் பண்ணக்கூடாது, கடைசியில ஒரே தடவைதான்.

ஐ.பி. (இந்திய மருந்துத் தர நூல்) வெயிட் வேரியேஷன்: சராசரி எடை 80 மி.கி. வரைக்கும் 10 சதவீதம், 80க்கு மேல 250க்குள்ள 7.5, 250ம் அதுக்கு மேலயும் 5. 20 மாத்திரையில ரெண்டுக்கு மேல எல்லை தாண்டக்கூடாது, ஒண்ணுகூட ரெண்டு மடங்கு தாண்டக்கூடாது. ஃப்ரையபிலிட்டி (மாத்திரை உதிர்ற அளவு) 100 சுத்து, 1.0 சதவீதத்துக்குள்ள. மெத்தட் வேலிடேஷன்ல (டெஸ்ட் முறை சரிதான்னு நிரூபிக்கறதுல) டிடெக்ஷன் லிமிட்டுக்கு சிக்னல் நாய்ஸ் 3க்கு 1, குவான்டிடேஷனுக்கு 10க்கு 1. லீனியாரிட்டிக்குக் குறைஞ்சது அஞ்சு கான்சென்ட்ரேஷன். ஆக்யூரசிக்கு மூணு லெவல், மொத்தம் ஒன்பது டிடர்மினேஷன். ஸ்டெபிலிட்டி ஆக்சிலரேட்டட் 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம், 6 மாசம்.

திருத்தின ஷெட்யூல் எம் (மருந்துத் தயாரிப்புக்கான இந்திய விதிகள்) பத்தியும் ஒரு வரி தெரிஞ்சிருக்கட்டும். 2023 டிசம்பர்ல அறிவிக்கை வந்தது. குவாலிட்டி ரிஸ்க் மேனேஜ்மென்ட், புராடக்ட் குவாலிட்டி ரிவ்யூ, கம்ப்யூட்டரைஸ்டு சிஸ்டம் இதெல்லாம் அதுல வந்துடுச்சு.

கேளம்பாக்கம்_ஹெச்ஆர்:

நோட்டீஸ் விஷயம். 30 நாளில் வந்துவிடுகிறேன் என்று பேனலில் வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் பாருங்கள். மிச்ச நாளுக்குச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வெளியேறலாம் என்று அதில் இருக்கிறதா, அதற்கு கம்பெனி சம்மதம் வேண்டுமா என்று தெரிந்துகொண்டு போங்கள். "ஒப்பந்தப்படி 60 நாள். 45 நாளில் விடுவிக்கக் கேட்டுப் பார்க்கிறேன், எழுத்தில் கிடைத்தால் தெரிவிக்கிறேன்" என்பதுதான் பாதுகாப்பான பதில். பை அவுட் தொகையைப் புது கம்பெனி கொடுக்குமா என்பதை ஆஃபர் வருவதற்கு முன்பே கேட்டுவிடலாம், அதில் கூச்சம் வேண்டாம். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் பெரிய கம்பெனியில் ஜாயின் ஆக முடியாது. அவசரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டு வந்தால் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் சிக்கும்.

கிண்டி, தி.நகர் ஹோட்டல்களில் நடக்கும் இன்டர்வியூ என்றால் வேலை சென்னையில்தான் என்று அர்த்தமில்லை. புதுச்சேரி, ஓசூர், ஸ்ரீசிட்டி, ஹைதராபாத் பிளான்ட்டுகளுக்கும் இங்கேதான் ஆள் எடுக்கிறார்கள். எந்த பிளான்ட், எத்தனை ஷிஃப்ட், கம்பெனி பஸ் தாம்பரத்திலிருந்தா செங்கல்பட்டிலிருந்தா, ராத்திரி ஷிஃப்ட்டுக்கு பஸ் உண்டா என்று ஹெச்.ஆர். ரவுண்டில் கேளுங்கள்.

கையில் கொண்டு போக வேண்டியவை: எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், கடைசி மூன்று மாதச் சம்பள ரசீது, பி.எஃப்.க்கான யு.ஏ.என். எண், அப்பாயின்ட்மென்ட் லெட்டர். ட்ரக்ஸ் கன்ட்ரோலில் அனலிஸ்ட்டாக அப்ரூவல் வாங்கியிருந்தால் அந்த நகல், அது நல்ல எடை கூட்டும். ஒரிஜினலைக் காட்டலாம், ஆனால் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். டெபாசிட், ட்ரெய்னிங் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி, எழுந்து வந்துவிடுங்கள்.

சம்பளம் பேசும்போது சி.டி.சி.யை (உங்களுக்காக கம்பெனி செலவிடும் மொத்தத் தொகை) மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள். அதில் கிராஜுவிட்டி, கம்பெனி பங்கு பி.எஃப்., கேன்டீன், பஸ் எல்லாம் அடங்கியிருக்கும். கைக்கு மாதம் எவ்வளவு வரும் என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆலத்தூர்_அனலிஸ்ட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஜி.சி.யை எடுத்துட்டேன். ரெண்டு சந்தேகம் மட்டும். டிஸ்சல்யூஷன்ல எங்களுக்கு எப்பவும் முதல் ஸ்டேஜ்லயே பாஸ் ஆயிடும், அடுத்த ஸ்டேஜ் பண்ணதே இல்ல. அதைக் கேட்டா? அப்புறம் மேனுவல் இன்டக்ரேஷன் பண்ணியிருக்கீங்களான்னு கேட்டா என்ன சொல்றது? கடைசியில "எங்ககிட்ட எதாவது கேக்கணுமா"ன்னு கேப்பாங்களாமே, என்ன கேக்கலாம்?

மறைமலைநகர்_லேப்:

டிஸ்சல்யூஷன் லிமிட் க்யூ (கரைய வேண்டிய அளவு) 80 சதவீதம்னு வெச்சுக்குங்க. எஸ்1ல (முதல் ஸ்டேஜ்) 6 மாத்திரை, ஒவ்வொண்ணும் 85க்குக் குறையக்கூடாது. ஒண்ணு 83 வந்தா அது ஃபெயில் இல்ல, ஓ.ஓ.எஸ்.ஸும் இல்ல, எஸ்2க்குப் போகணும். நிறைய பேர் இங்கதான் தடுமாறுவாங்க. எஸ்2ல இன்னொரு 6. பன்னிரண்டோட சராசரி 80ஓ அதுக்கு மேலயோ, எதுவும் 65க்குக் கீழ போகக்கூடாது. எஸ்3ல இன்னொரு 12. இருபத்துநாலோட சராசரி 80, ரெண்டுக்கு மேல 65க்குக் கீழ இருக்கக்கூடாது, ஒண்ணுகூட 55க்குக் கீழ போகக்கூடாது. நேரடியா பண்ணலைன்னா "ஸ்டேஜ் தெரியும், எங்க புராடக்ட்ல தேவைப்பட்டதில்ல"ன்னு சொல்லிட்டு இந்தக் கணக்கைச் சொல்லுங்க.

கூடவே மீடியம் (மாத்திரை கரையற திரவம்) டீகேஸ் ஏன்னு படிச்சுட்டுப் போங்க. கரைஞ்ச காத்து 37 டிகிரியில குமிழா வெளிய வந்து மாத்திரை மேல ஒட்டும். அதனால மாத்திரை மிதக்கலாம், இல்ல பாஸ்கெட் வலையை அடைச்சுக்கலாம், ரிசல்ட் குறையும். பேடில் (கலக்கற துடுப்பு) உயரம் வெஸல் (பாத்திரம்) அடியிலேருந்து 25 மி.மீ., கூட குறைய 2.

தாம்பரம்_க்யூஏ:

மேனுவல் இன்டக்ரேஷன் செய்ததே இல்லை என்று சொன்னால் ரிலேட்டட் சப்ஸ்டன்ஸ் செய்தவர் என்று நம்ப மாட்டார்கள். மெயின் பீக்கின் வாலில் சின்ன இம்ப்யூரிட்டி பீக் உட்கார்ந்திருந்தால் ஆட்டோ இன்டக்ரேஷன் தவறாக வெட்டும், அது நடப்பதுதான். சொல்ல வேண்டியது வரிசை. முதலில் பிராசஸிங் மெத்தட்டில் பாராமீட்டரை மாற்றி ஸ்டாண்டர்ட், சாம்பிள் எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் சரிவரவில்லை என்றால் மட்டும் எஸ்.ஓ.பி. அனுமதிக்கிறபடி மேனுவல், காரணம் எழுதி, சூப்பர்வைசர் ஒப்புதலோடு. முதலில் வந்த ரிசல்ட்டும் மாற்றிய ரிசல்ட்டும் இரண்டுமே சிஸ்டத்தில் இருக்க வேண்டும். அஸ்ஸே மெயின் பீக்குக்கு மேனுவல் செய்தேன் என்று சொன்னால் அடுத்த பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும், அதற்குத் தேவையே வரக்கூடாது.

போவதற்கு முன் எஃப்.டி.ஏ. தளத்தில் அந்த கம்பெனி பெயரில் வார்னிங் லெட்டர் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். அங்கே போய் அதைப் பற்றிக் கிளறுவதற்காகச் சொல்லவில்லை. லேப் சம்பந்தமாக எதில் அடி வாங்கியிருக்கிறார்களோ அதைத்தான் பேனல் ஆழமாகக் கேட்கும்.

கடைசியில் நீங்கள் கேட்க வேண்டியது அனலிஸ்ட் குவாலிஃபிகேஷன் பற்றி. புதிதாகச் சேர்ந்தவர் ஏற்கெனவே ரிலீஸ் ஆன ஒரு பேட்சைத் தனியாக டெஸ்ட் செய்து, வித்தியாசம் அவர்கள் எஸ்.ஓ.பி. சொல்லும் எல்லைக்குள் வந்த பிறகுதான் ரொட்டீன் சாம்பிள் கொடுப்பார்கள். அது எத்தனை டெக்னிக்குக்கு, எவ்வளவு நாள், ஜி.சி.க்கும் பயிற்சி அதில் உண்டா என்று கேளுங்கள். ரெஸ்யூமேயிலிருந்து எடுத்த ஜி.சி.யை இந்த இடத்தில் நேர்மையாக முன்வைக்கலாம்: "ஓட்டியதில்லை, உங்கள் பயிற்சியில் குவாலிஃபை ஆக விருப்பம்."